தவக்காலம் வரட்டும் என்று இருந்துவிடாதே

ஜோ,

இந்தக் கடிதத்தை ஷீலா உன் லேப்டாப் பைக்குள் வைப்பாள். பெண்டாட்டி மேல் பாயாதே, வைக்கச் சொன்னவன் நான். போனை எடுக்காத மகனிடம் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் பார்க்கிங்கில் உன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, டாக்டரிடம் எப்போது போவாய் என்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ கத்தினாய். "நீங்க சொன்னதெல்லாம் செய்றேன்ல டாடி? சாஸேஜ் விட்டேன். ரம் விட்டேன். டெய்லி பத்தாயிரம் ஸ்டெப் நடக்கறேன். இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?" கோயிலுக்கு வந்த ஜனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய், நாங்கள் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். நாலு நாளாகிவிட்டது. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன், கேட்டுக்கொள். ஏழு வாரமாக உனக்கு மலத்தில் ரத்தம் போகிறது. அதை ஒரு டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று நீ ஷீலாவைக் குடைந்து எடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை பாப்பாவை ஸ்கூலில் விட்டுவிட்டு, வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி, பிறகு ஆட்டோ மாறி, ஷீலா ஜீவனஹள்ளியில் நம் வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தண்ணீர் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். "மாமா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பாப்பா தலை மேல சத்தியம் வாங்கியிருக்கார். ஆனா என்னால முடியல மாமா. பாத்ரூம்ல நானே ரெண்டு தடவை பார்த்தேன். பைல்ஸ்ங்கறார். டாக்டர்கிட்ட போலாம்னா எரிஞ்சு விழறார்." எத்தனை நாளாக என்று கேட்டேன். கிறிஸ்மஸ் முடிந்ததிலிருந்து என்றாள். எனக்குக் கோபம் அவள் மேல்தான் முதலில் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். "இவ்வளவு நாளா வாயில என்னம்மா வச்சிருந்தே?" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் அழுதுவிட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "லென்ட் வருதுல்ல, நாப்பது நாள் வாயைக் கட்டினா எல்லாம் தானா சரியாயிடும்ங்கறார் மாமா."

அது என் வார்த்தை. எழுத்துக்கு எழுத்து நான் சொன்ன வார்த்தை. உன் அம்மாவிடம் இதே வீட்டில், இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னது உன் வாயில் எப்படி வந்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் இதை உன்னிடம் சொன்னதே கிடையாது. அதுதான் நான் செய்த தப்பு. என் குடல் கேன்சர் ஆபரேஷனுக்கு முன்னால் நான் ஒரு வருஷம் என்ன செய்தேன் என்பதை உன்னிடம் மறைத்துவிட்டேன். "திடீர்னு தெரிஞ்சது" என்று எல்லோரிடமும் சொன்னேன். திடீரென்று ஒன்றும் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு முதலில் ரத்தம் பட்டது ஆபரேஷனுக்கு முந்தின வருஷம், பொங்கல் கழிந்து. பயந்துவிட்டேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று நினைத்தேன். கிறிஸ்மஸிலிருந்து விடாமல் போர்க், பீஃப், கேக், ரம் என்று தின்று குடித்த சூடு. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், மோர் குடித்தேன். அப்போது லென்ட் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. உனக்குத் தெரியும், தவக்காலத்தில் நான் வேறு ஆள். நெற்றியில் சாம்பல் பட்ட நிமிஷத்திலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கறியும் கிடையாது, பாட்டிலும் கிடையாது. கஞ்சி, கீரை, அவரைக்காய், ராகிக்களி. அந்த நாற்பது நாளில் ரத்தம் நின்றுவிட்டது. நின்றே போய்விட்டதுடா! எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறாய். பார்த்தாயா, சூடுதான், வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். ஈஸ்டர் அன்றைக்கு இரண்டு கிலோ போர்க் ஃப்ரை. மழைக்காலத்தில் மறுபடியும் ரத்தம். அப்போதுதான் உன் அம்மா என் உள்துணியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஒண்ணுமில்லடி, சூடு. லென்ட் வரட்டும், நாப்பது நாள் வாயைக் கட்டினா தானா சரியாயிடும்" என்றேன். கிறிஸ்மஸுக்கு ஏழு கிலோ இளைத்திருந்தேன். மச்சான் வீட்டில் "ஸ்லிம் ஆயிட்டீங்க மாமா" என்றார்கள், நானும் பல்லைக் காட்டினேன். அடுத்த சாம்பல் புதனுக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தத் தவக்காலத்தில் ரத்தம் நிற்கவில்லை. புனித வெள்ளி அன்றைக்குச் சிலுவைப் பாதையில் ஒன்பதாம் ஸ்தலத்தில் விழுந்தேனே, வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். வெயில் இல்லை. உடம்பில் ரத்தம் இல்லை.

பிறகு ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் என்னிடம் தனியாகக் கேட்டார், எப்போதிலிருந்து என்று. சொன்னேன். தவக்காலத்தில் நின்றதையும் சொன்னேன். அவருக்கு நம் வழக்கம் புரியவில்லை, விளக்கிச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அவருடைய கன்னடத் தமிழில் சொன்னார்: "நோட்ரீ, பாருங்க, இந்த மாதிரி ரத்தம் கொஞ்ச நாள் வரும், கொஞ்ச நாள் நிக்கும். தானா நின்னதை நீங்க கஞ்சி நிறுத்துச்சுன்னு நினைச்சுட்டீங்க. அப்பவே வந்திருக்கணும் நீவு. ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா, கேமரா விடும்போதே சின்னதா கிள்ளி எடுத்திருக்கலாமோ என்னமோ." அந்த 'என்னமோ' இன்றைக்கும் என்னைத் தின்கிறது. உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லியிருந்தால் இன்றைக்கு நீ இந்தச் சால்ஜாப்பைச் சொல்லியிருக்க மாட்டாய்.

நீ சோம்பேறித்தனத்தால் போகாமல் இருக்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரியும். என் வயிற்றில் மூன்று மாதம் மலம் சேர்கிற அந்தப் பை தொங்கியதே, அதை நீதானே மாற்றினாய். உன் அம்மாவால் பார்க்க முடியவில்லை, பார்த்தாலே அழுதாள். நீ ஆபீசுக்கு முன்னால் காலை ஆறு மணிக்கெல்லாம் வைட்ஃபீல்டிலிருந்து வந்து நிற்பாய். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "பாப்பாவுக்கு டயப்பர் மாத்தறேன், உங்களுக்கு இதை மாத்தறேன், என்ன பெரிய வித்தியாசம் டாடி" என்று சிரிப்பாய். ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு பாத்ரூம் போய், குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாய். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாய். எனக்குக் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து "காபி குடிக்கறீங்களா டாடி?" என்று கேட்டாய். என் வயிற்றில் தொங்கியதை உன் வயிற்றில் வைத்துப் பார்க்கிறாய், அதனால்தான் டாக்டர் வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாய். பயப்படாதே என்று நான் எப்படிச் சொல்வது? நானே பயந்துதான் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பை எனக்கு டாக்டரிடம் போனதால் வரவில்லை, போகாமல் இருந்ததால் வந்தது.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். இதிலும் நான் யோக்கியன் இல்லை. முப்பது வருஷம் காக்ஸ் டவுனில் கோல்ட் ஸ்டோரேஜ் என்று பதப்படுத்திய கறி விற்கும் கடை நடத்தினேன். ஹாம், பேக்கன், சலாமி, சாஸேஜ் எல்லாம் என் கையால் வெட்டி விற்றேன். சலாமியை மெஷினில் சீவும்போது கடைசியில் ஒரு முனை மிஞ்சும், பிளேடுக்குப் பிடி கிடைக்காது. ஹாமிலும் அப்படித்தான். அந்த முனைகளை யாரும் வாங்க மாட்டார்கள், எறியவும் மனசு வராது. தினமும் சாயங்காலம் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். உன் டிபன் பாக்ஸில் ஆம்லெட்டுக்குள்ளே அது இருக்கும், ராத்திரிச் சாப்பாட்டில் வெங்காயத்தோடு வதக்கி அது இருக்கும், மழை நாளில் மிளகு தூவிச் சும்மாவே தின்போம். ரிச்சர்ட்ஸ் டவுன் துரைமார் வீட்டுச் சாப்பாட்டை ஜீவனஹள்ளியில் என் பிள்ளை தின்கிறான் என்று எனக்குத் தலைகால் புரியாது. உன் கிளாஸ் பையன்கள் சண்டை போட்டுக்கொண்டு உன் டப்பாவைப் பிடுங்குவார்கள் என்று நீ சொல்லும்போது என் நெஞ்சு நிமிரும். வாரத்தில் ஆறு நாள், பத்துப் பன்னிரண்டு வருஷம். உப்பும் மருந்தும் போட்டுப் பதப்படுத்திய இந்தக் கறிக்கும் குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஆஸ்பத்திரியில் டயட் சொல்லித்தர வந்த பெண் சொன்னபோது நான் அவளிடம் சண்டைக்குப் போனேன். "நான் முப்பது வருஷமா விக்கறேன்மா, எனக்குத் தெரியாதா?" அவள் பொறுமையாக "அதனால்தான் சார் சொல்றேன்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுகூட இருக்காது.

அவள் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்தது என் பிரசங்கம். கடையை மூடினேன், அது சரி. ரம்மை விட்டேன், அதுவும் சரி. கேழ்வரகு, பயறு, கீரை, தோலோடு பழம் என்று தட்டில் பாதிக்குமேல் கொண்டுவந்தேன். கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும், கைப்பிடி அளவு. சைக்கிளில் ஐஸ் பெட்டியை வைத்து ஃபிரேசர் டவுன் வரைக்கும் மிதித்தவன் ஸ்கூட்டர் வந்த அன்றே நடையை மறந்துவிட்டேன், தொப்பை அப்போது வந்ததுதான். இப்போது காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், மாடிப்படி ஏறுகிறேன். இதெல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் உன் தலையில் இதை நான் எப்படி ஏற்றினேன்? போன் பண்ணும்போதெல்லாம் மிரட்டல். "இன்னைக்கு எவ்வளவு நடந்தே? லன்ச்சுக்கு என்ன ஆர்டர் பண்ணினே? உக்காந்தே இருக்கியாடா? எனக்கு வந்தது உனக்கும் வரணுமா?" சாஸேஜை விட்டால் வராது, நடந்தால் வராது என்று பேரம் பேசுகிறவன்போலப் பேசினேன். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், எல்லாவற்றையும் செய்கிறேன், அதனால் எனக்கு வராது, வந்தாலும் இன்னும் கொஞ்சம் நடந்தால் போய்விடும். என் பேச்சு உன் கையில் ஒரு கேடயமாகிவிட்டது. அதற்குப் பின்னால் நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய்.

திங்கட்கிழமை நான் தனியாக அந்த சர்ஜனைப் போய்ப் பார்த்தேன். உன் கதையைச் சொன்னேன். இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறேனே, பிறகு எதற்கு டாக்டர் டெஸ்ட் என்று நீ என்னிடம் கத்தினதை நான் அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல சாப்பாடும் நடையும் உடம்பு எடை ஏறாமல் பார்ப்பதும் குடியை விடுவதும் வருகிற வாய்ப்பைக் குறைக்கும், அதற்காக யாரும் கியாரண்டி கொடுக்க முடியாது என்றார். ஒல்லியாக இருப்பவனுக்கும் வருகிறது, ஓடுகிறவனுக்கும் வருகிறது. சாப்பாடும் நடையும் இனிமேல் வராமல் இருக்கக் காவல். ஏற்கெனவே ரத்தம் பட்ட பிறகு அதைப் பார்க்காமல் கீரை தின்றுகொண்டிருப்பது முட்டாள்தனம் என்றார். "பைல்ஸாவே இருக்கலாம் சார், நிறையப் பேருக்கு அதுதான். ஆனா அதை நான் நோடி, பார்த்துச் சொல்லணும். உங்க மகனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நாற்பது நாள் விரதத்தைப் பற்றியும் கேட்டேன். "அது உங்க தேவருக்கும் உங்களுக்கும் நடுவுல. குடலுக்கு வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கணும்" என்றார். நாற்பது நாள் சாமியாராக இருந்துவிட்டு மீதி நாளெல்லாம் காட்டான்போல் தின்றவன் நான்.

அங்கே இன்னொன்றையும் சொன்னேன் ஜோ. இதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. என் ஆபரேஷனுக்கு முன்னால் அவர் "குடும்பத்துல வேற யாருக்காவது?" என்று கேட்டார். பக்கத்தில் ஃபைலை வைத்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். "யாருக்கும் இல்ல சார்" என்றேன். பொய். உன் பெரியப்பா மஞ்சள் காமாலையில் போகவில்லை. அண்ணனுக்கும் குடலில் இதே நோய்தான். நீ அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். அண்ணனுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அண்ணன் மகளுக்கு, அதாவது உன் அக்காவுக்கு, ஆனேக்கலில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். "கேன்சர்னு வெளியே தெரிஞ்சா பொண்ணை யார் எடுப்பாங்க அண்ணி? காமாலைன்னே சொல்லுங்க" என்று அண்ணியின் வாயை அடைத்தது நான்தான். கல்லறைத் தோட்டத்தில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் காமாலை, கல்லீரல் என்று நானே பதில் சொன்னேன். ஒரு முறை சொன்ன பொய்யை அதன்பிறகு மாற்ற முடியவில்லை. உன் கல்யாணத்துக்கு முன்னால் ஷீலாவின் அப்பா இங்கே உட்கார்ந்து, நேருக்கு நேர் கேட்டார். "குடும்பத்துல பெரிய வியாதி ஏதாவது உண்டா சம்பந்தி?" நல்ல மனுஷன், பூசி மெழுகாமல் கேட்டார். "ஆண்டவர் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல" என்றேன். நம் ஜனத்தில் எல்லோரும் சொல்கிற பொய்தான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் பெண் போன வெள்ளிக்கிழமை என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

அண்ணனைப் பற்றியும் நான் சொன்னதும் அந்த டாக்டர் பேனாவை எடுத்து என் பழைய ஃபைலைத் திருத்தினார். பிறகு "ஏன்ரீ இது, என்ன இது" என்று மட்டும் கேட்டார். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு என்றால் பிள்ளைகளுக்கு ரத்தமே படாவிட்டாலும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டுமாம். நான் ஆபரேஷன் ஆகி எழுந்த அன்றைக்கே உன்னை அனுப்பியிருப்பாராம். மூன்று வருஷம். நான் உன்னைத் தினமும் போனில் மிரட்டி எத்தனை ஸ்டெப் நடந்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்த மூன்று வருஷம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. உனக்கு என் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அது நியாயம்தான், வைத்துக்கொள், டெஸ்ட் முடிந்த பிறகு வந்து வட்டியோடு திட்டு. சனிக்கிழமை ஆனேக்கல் போய் உன் அக்காவிடமும் சொல்லப்போகிறேன். அவள் என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அவளும் பார்க்க வேண்டும் அல்லவா. உன் அம்மாவுக்கு நேற்றுதான் எல்லாம் சொன்னேன். அவள் எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டின காகிதத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். வருகிற புதன்கிழமை சாம்பல் புதன். அடுத்த நாள் வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு உன் பேரில் கேமரா டெஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எட்டரைக்கு என் பேர். எனக்கு வருஷாந்திரப் பரிசோதனை அடுத்த மாதம்தான், கெஞ்சி முன்னால் இழுத்துக்கொண்டேன். உனக்கு அதில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் தெரியாததுதான் அதிகம் பயமுறுத்துகிறது. முந்தின நாள் தெளிந்த தண்ணீர்போல இருப்பதை மட்டும்தான் குடிக்கலாம், எப்படியும் அன்றைக்கு நமக்கு ஒருசந்தி விரதம். சாயங்காலம் ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், லிட்டர் கணக்கில். உப்புப் போட்ட எலுமிச்சம்பழச் சோப்புபோல இருக்கும், கண்றாவி. பிறகு வயிறு சுத்தமாகும் வரைக்கும் பாத்ரூமை விட்டு நகர முடியாது. காலையில் ஊசி போடுவார்கள், தூங்கிவிடுவாய், எழுந்தால் முடிந்திருக்கும். சின்னதாக ஏதாவது இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். அது அப்படி எடுத்துவிடக்கூடிய அளவில் இருக்க வேண்டும் என்றுதான் நான் நாலு நாளாக முழங்காலில் இருக்கிறேன். அவர்கள் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள். குடும்பத்தில் யாருக்கு என்று ஓர் இடம் இருக்கும். பெரியப்பா, அப்பா என்று இரண்டையும் எழுது. சின்ன எழுத்தில் எழுதாதே.

பைல்ஸ் என்று சொன்னால் அங்கேயே எல்லார் முன்னாலும் உன்னிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். வேறு ஏதாவது என்றால், நான் இருக்கிறேன். நீ எனக்குச் செய்ததை எல்லாம் நான் உனக்குச் செய்வேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டிய அவசியம் உனக்கு இருக்காது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது ஜோ. என் ஆபரேஷனுக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை. எனக்கு அறுபத்துமூன்று, நான் தின்றது குடித்தது எல்லாம் போதும். உனக்கு முப்பத்தாறு, பாப்பாவுக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சாம்பல் பூசிக்கொண்டு நேராக உன் வீட்டுக்கு வருகிறேன். கையில் இரண்டு பவுடர் பாக்கெட்டும் ஒரு லுங்கியும் இருக்கும். உன் ஃபிளாட்டில் இரண்டு பாத்ரூம் இருக்கிறது, ஹாலை ஒட்டினது எனக்கு, வயசான உடம்பு, அவ்வளவு தூரம் ஓட முடியாது. ஷீலாவையும் பாப்பாவையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு. வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்திவிட்டு உன் போனுக்கு அடித்து உள்ளே விடலாமா என்று கேட்பான். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று நீ அதை எடுக்காமல் விட்டால், நான் சண்டை போட மாட்டேன், திரும்பியும் போக மாட்டேன். செக்யூரிட்டி கேபினிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் பங்கைக் கரைத்துக் குடித்துவிடுவேன். அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் உன் அபார்ட்மெண்ட் வாசலில் நடப்பதற்கு அசோசியேஷன்காரர்களிடம் நீயே பதில் சொல்லிக்கொள்.

டாடி